செடி வளர்க்கும் மீன் தொட்டியில் பாசி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழில் ஒரு சின்னச் சிக்கல் உண்டு. கண்ணாடியில் படிகிற பச்சையும் பாசிதான், ஆசையாக வாங்கிக் கட்டையில் கட்டி வைக்கிற ஜாவா மாஸும் பாசிதான். இங்கே பாசி என்றால் நாம் வேண்டாம் என்று நினைக்கிற முதல் வகை மட்டும். மாஸை மாஸ் என்றே சொல்கிறேன். பதில்கள் எல்லாம் நன்னீரில் செடி வளர்க்கிற தொட்டிக்கு மட்டுமே பொருந்தும்.

தொட்டி வைத்து மூன்று வாரம்தான் ஆகிறது. மணல், இலை, கண்ணாடி எல்லாம் பழுப்பேறிவிட்டது. கலைத்துவிட்டு மறுபடி வைக்கட்டுமா?

கலைக்காதீர்கள். அது டயாட்டம் என்கிற பழுப்புப் பாசி. இலையை விரலால் தடவிப் பாருங்கள். ஈரத் தூசி மாதிரி வழிந்து வந்துவிடும், அடியில் இலை பச்சையாகவே இருக்கும். தண்ணீரில் உள்ள சிலிக்கேட்டை எடுத்துத் தன் ஓட்டைக் கட்டிக்கொள்கிற நுண்ணுயிர் இது. புதுத் தொட்டியில் செடி இன்னும் வேர் பிடித்திருக்காது, ஃபில்டரில் பாக்டீரியா இன்னும் குடியேறியிருக்காது. அந்த இடைவெளியில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. பெரும்பாலான தொட்டிகளில் ஒன்றிரண்டு மாதத்தில் தானாகவே போய்விடும். அதுவரை தண்ணீர் மாற்றும்போது இலையை இரண்டு விரலுக்கு நடுவில் மெதுவாக வழித்து, மிதக்கிற தூளைக் குழாயால் உறிஞ்சி எடுத்தால் போதும். கலைத்து வைத்தால் ஃபில்டர் பக்குவப்பட ஆகும் நான்கு முதல் ஆறு வாரத்தை முதலிலிருந்து எண்ண வேண்டியிருக்கும். பழுப்பும் திரும்ப வரும்.

பாசி ஏன்தான் வருகிறது?

பாசியின் வித்து எல்லாத் தொட்டியிலும் இருக்கிறது. செடியோடு வரும், மீன் வந்த தண்ணீரோடு வரும், காற்றிலும் வரும். அதனால் எப்படி உள்ளே வந்தது என்று தேடுவதில் பயன் இல்லை. வந்தது ஏன் முளைத்தது என்றுதான் பார்க்க வேண்டும்.

செடிக்கு மூன்று வேண்டும்: வெளிச்சம், கார்பன், சத்துகள். எவ்வளவு வேகமாக வளர வேண்டும் என்று செடியை நெருக்குவது வெளிச்சம்தான். லைட்டைக் கூட்டினால் மற்ற இரண்டும் அதே அளவுக்குக் கூட வேண்டும். கூடவில்லை என்றால் செடி திணறும். பழைய இலையில் இருக்கும் சத்தை உறிஞ்சிப் புது இலைக்கு அனுப்பும். பழைய இலை மெலியும், ஓட்டை விழும், உள்ளிருக்கும் பொருட்கள் தண்ணீரில் கசியும். பாசி முதலில் பிடிப்பது அந்த இலையைத்தான். தொட்டிக்குப் பக்கத்தில் பத்து நிமிஷம் உட்கார்ந்து கவனித்தால் தெரியும்: ஒரே தண்டில் நுனி இலை பளபளவென்று இருக்கும், அடியில் மஞ்சளித்த இலையின் ஓரத்தில் மட்டும் பாசி நூல் ஆடிக்கொண்டிருக்கும். தண்ணீர் ஒன்றுதான், லைட் ஒன்றுதான். அந்த இரண்டு இலைகளுக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் இந்தக் கேள்விகள் முக்கால்வாசிக்குப் பதில் இருக்கிறது.

உரம் போடுவதை நிறுத்தினால் பாசி பட்டினி கிடந்து செத்துவிடாதா?

எல்லோரும் முதலில் செய்வது இதைத்தான். நானும் செய்தேன். முதலில் பட்டினி கிடப்பது செடி. பாசிக்குத் தேவைப்படுவது அவ்வளவு கொஞ்சம். மீனுக்குப் போடுகிற உணவின் கழிவே அதற்குப் போதும்.

இதில் ஒரு பழைய விவாதம் உண்டு. 1996இல் பால் சியர்ஸ், கெவின் கான்லின் என்ற இருவர் ஒரு கட்டுரை எழுதினார்கள். பாஸ்பேட்டை மட்டும் மிகக் குறைவாக வைத்து, நைட்ரேட், பொட்டாசியம், இரும்பு போன்ற மற்றவற்றைத் தாராளமாகக் கொடுத்தால் செடி ஜெயிக்கும், பாசி தோற்கும் என்பது அவர்கள் கருத்து. பிஎம்டிடி (பூர் மேன்ஸ் டோசிங் டிராப்ஸ்) என்ற சிக்கன உரக் கலவை அதிலிருந்துதான் பிரபலமானது. பிறகு டாம் பார் என்ற அமெரிக்கச் செடித் தொட்டி நிபுணர் பாஸ்பேட்டையும் சேர்த்தே தாராளமாகப் போட்டுக் காட்டினார். செடி ஆரோக்கியமாக இருந்த தொட்டியில் அதனால் பாசி வரவில்லை. எல்லாச் சத்தையும் தேவைக்குச் சற்று அதிகமாகப் போட்டு, வாரம் ஒரு முறை பாதித் தண்ணீரை மாற்றி மிச்சத்தை வெளியேற்றுவது அவருடைய எஸ்டிமேட்டிவ் இண்டெக்ஸ் முறை. பாஸ்பேட் விஷயத்தில் நான் டாம் பார் பக்கம்தான். ஆனால் சியர்ஸ், கான்லின் சொன்னதில் பலர் மறந்துவிட்ட பாதி ஒன்று உண்டு: அவர்களும் செடிக்குச் சாப்பாடு போடச் சொன்னவர்கள்தான்.

எண்ணாகச் சொன்னால், கார்பன் டை ஆக்சைடு கொடுக்கிற தொட்டியில் நைட்ரேட் 10 முதல் 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற கணக்கு), பாஸ்பேட் 1 முதல் 2 பிபிஎம் நல்ல இலக்கு. டெஸ்டில் நைட்ரேட் பூஜ்யம் என்று வந்தால் சந்தோஷப்படாதீர்கள். செடி பசியோடு இருக்கிறது என்று அர்த்தம்.

ஒன்றை மட்டும் மேலே சொன்ன எதோடும் குழப்பிக்கொள்ள வேண்டாம்: அமோனியா. அது பாசியைத் தூண்டும், மீனையும் கொல்லும். மக்கிய இலை, மிஞ்சிய உணவு, செத்துப்போய்க் கண்ணில் படாமல் கிடக்கும் நத்தை, புது அக்வாசாயில் (செடித் தொட்டிக்கென்று விற்கிற சத்து நிறைந்த மண்) எல்லாம் அமோனியாவை விடும். அக்வாசாயில் போட்ட முதல் சில வாரங்களில் அடிக்கடி தண்ணீர் மாற்றச் சொல்வது இதனால்தான்.

லைட் எத்தனை மணி நேரம் போடலாம்?

புதுத் தொட்டிக்கு 6 மணி நேரம். செடி பிடித்து வளர ஆரம்பித்ததும் வாரத்துக்கு அரை மணி வீதம் கூட்டி 8 மணியில் நிறுத்திக்கொள்ளுங்கள். ஒரு டைமர் வாங்கி மாட்டிவிடுங்கள். கையால் போட்டு அணைக்கிற லைட் ஒரு நாள் ஐந்து மணி, ஒரு நாள் பன்னிரண்டு மணி என்றுதான் எரியும்.

மாலையில் வீட்டுக்கு வந்து தொட்டியைப் பார்க்க ஆசை இருக்கும், நியாயம்தான். அதற்காகக் காலையிலிருந்தே எரிய விட வேண்டியதில்லை. பிற்பகல் 2 மணிக்குப் பற்றி இரவு 9 மணிக்கு அணைகிற மாதிரி வையுங்கள். செடிக்கு நம் கடிகாரம் தெரியாது.

நேரத்தைவிட லைட்டின் பலம் முக்கியம். இப்போதைய எல்இடி லைட்டுகள் சின்னத் தொட்டிக்குத் தேவைக்கு அதிகமாகவே அடிக்கின்றன. டிம்மர் இருந்தால் பாதியில் வையுங்கள்; இல்லையென்றால் லைட்டை ஒரு சாண் உயர்த்துங்கள், அல்லது மிதக்கும் செடி கொஞ்சம் விடுங்கள். பாசிப் பிரச்சினைக்கு ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய முடியும் என்று யாராவது சொன்னால், லைட்டைக் குறைக்கத்தான் சொல்வேன். ஜன்னல் வெயில் நேராக விழுகிற இடமாக இருந்தால் தொட்டியை நகர்த்துங்கள், இல்லையென்றால் அந்தப் பக்கத்தை மறைத்துவிடுங்கள்.

கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் வைக்க வசதி இல்லை. பாசி இல்லாமல் செடி வளர்க்க முடியுமா?

தாராளமாக முடியும். வெளிச்சத்தைக் குறைவாக வையுங்கள். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், கிரிப்டோகோரைன், மாஸ் போன்ற நிதானமாக வளரும் செடிகளைத் தேர்ந்தெடுங்கள். உரமும் கொஞ்சமாகப் போதும். காற்றிலிருந்து கரையும் கார்பன் டை ஆக்சைடு மிகக் குறைவு. அந்த அளவுக்குத் தகுந்த வேகத்தில்தான் செடி வளரும், அதற்குமேல் லைட்டால் விரட்டக் கூடாது. சிலிண்டர் இல்லாத தொட்டியில் பலமான லைட் போடுவதுதான் நான் பார்த்த பாசித் தொட்டிகளில் பாதிக்குக் காரணம்.

இலை ஓரத்தில் கறுப்பாகக் குஞ்சம் குஞ்சமாக ஒட்டியிருக்கிறது. தேய்த்தாலும் போகவில்லை.

பிளாக் பியர்ட் என்கிற கறுந்தாடிப் பாசி. பார்க்கக் கறுப்பு, ஆனால் சேர்ந்திருப்பது சிவப்புப் பாசிக் குடும்பத்தில். கட்டை, ஃபில்டர் குழாயின் வாய், அனுபியாஸ் மாதிரி மெதுவாக வளரும் இலையின் விளிம்பு, இதெல்லாம் அதற்குப் பிடித்த இடங்கள்.

பெரும்பாலும் இது வருவது கார்பன் டை ஆக்சைடு ஏறி இறங்குவதால். என் 60 லிட்டர் தொட்டியில் முதலில் சர்க்கரையும் ஈஸ்டும் கலந்த பாட்டில்தான் வைத்திருந்தேன். கலக்கிய முதல் நான்கு நாள் குமிழ் விடாமல் வரும்; ஒரு வாரம் போனால் எண்ணி எண்ணிப் பார்க்க வேண்டும்; பத்தாம் நாள் நின்றுவிடும். மறுபடி கலக்குவேன். அந்த ஏற்ற இறக்கம் மூன்று மாதம் ஓடியதில் ஒவ்வொரு அனுபியாஸ் இலைக்கும் மை தீட்டின மாதிரி ஒரு கறுப்பு விளிம்பு வந்துவிட்டது. உரம்தான் காரணம் என்று நினைத்து அதை நிறுத்தினேன். இன்னும் மோசமானது. சிலிண்டருக்கு மாறி, தினமும் ஒரே நேரத்தில் ஒரே அளவு கொடுக்க ஆரம்பித்த பிறகுதான் புது இலைகள் சுத்தமாக வந்தன.

சிலிண்டர் இருந்தால் லைட் எரிவதற்கு ஒன்றரை, இரண்டு மணி நேரம் முன்பே வாயுவைத் திறந்துவிடுங்கள். லைட் போடும்போது அளவு 20 முதல் 30 பிபிஎம்மில் இருக்க வேண்டும். இதைப் பார்க்க டிராப் செக்கர் உண்டு: தொட்டிக்குள் ஒட்டுகிற சின்னக் குமிழ், உள்ளே இருக்கும் திரவம் வாயுவின் அளவுக்குத் தகுந்தபடி நிறம் மாறும். 4 டிகேஹெச் (கார்பனேட் கடினத்தன்மையின் அளவு) கரைசல் ஊற்றிய செக்கர் நீலத்திலிருந்து இளம்பச்சைக்கு வந்திருந்தால் சரி. மஞ்சளானால் அதிகம், மீன் மேலே வந்து வாயைத் திறக்கும். செக்கரின் நிறம் ஒரு மணி, இரண்டு மணி பின்தங்கித்தான் மாறும், அதை மனதில் வையுங்கள். தண்ணீர் ஓட்டமும் முக்கியம்: தொட்டியின் மூலையில் இருக்கும் இலைகூட லேசாக ஆட வேண்டும்.

இருக்கிற கறுப்பைப் போக்க ஹைட்ரஜன் பெராக்சைடு உதவும். 3 சதவீதக் கரைசல்தான் வேண்டும். கிடைத்தது 6 சதவீதம் என்றால் சம அளவு தண்ணீர் கலந்துகொள்ளுங்கள். 4 லிட்டர் தொட்டித் தண்ணீருக்கு 1 மில்லி என்ற கணக்கைத் தாண்டாதீர்கள். ஃபில்டரை நிறுத்தி, ஊசி கழற்றிய சிரிஞ்சால் குஞ்சத்தின் மேலேயே மெதுவாக விடுங்கள். பொடிப் பொடியாகக் குமிழ் கிளம்பும். 10 நிமிஷம் கழித்து ஃபில்டரைப் போட்டுவிடலாம். இரண்டு மூன்று நாளில் கறுப்பு இளஞ்சிவப்பாகும். பச்சையம் அழிந்ததும் அடியில் இருந்த சிவப்பு நிறமி வெளியே தெரிவதுதான் அது. அப்புறம் வெளுத்துப்போகும், இறால்கள் வந்து மேயும். மாஸ், வாலிஸ்னேரியா (நாடா மாதிரி நீண்ட இலைச் செடி) பக்கத்தில் பெராக்சைடு விடாதீர்கள், தாங்காது.

கண்ணாடியில் கெட்டியான பச்சைப் புள்ளிகள். ஸ்பாஞ்சால் துடைத்தால் போகவில்லை.

பச்சைப் புள்ளிப் பாசி. பிளேடு வைத்த சுரண்டியால் எடுங்கள். அக்ரிலிக் தொட்டி என்றால் பிளேடு கீறிவிடும், பழைய பிளாஸ்டிக் அட்டை போதும். அனுபியாஸ் இலையிலும் புள்ளி விழுந்திருந்தால் பாஸ்பேட் குறைவாக இருக்கிறதா என்று பாருங்கள். லைட்டும் பலமாக இருக்கலாம். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கண்ணாடியில் நாலு புள்ளி வந்தால் அது பிரச்சினையே இல்லை.

முடி மாதிரி நீளமாகப் பச்சை நூல்கள்?

பழைய டூத் பிரஷை உள்ளே விட்டு முறுக்குங்கள், நூல் கண்டு மாதிரி சுற்றிக்கொண்டு வரும். எடுத்ததை விரலில் தேய்த்துப் பாருங்கள். வழவழவென்று நழுவினால் பெரும்பாலும் ஸ்பைரோகைரா. அதிக லைட், புதுத் தொட்டியில் அமோனியா, இந்த இரண்டோடும் வருவது. சொரசொரப்பாக, கிளை கிளையாக இருந்தால் கிளாடோஃபோரா. அது கொஞ்சம் பிடிவாதக்காரப் பாசி, மாஸுக்குள் நுழைந்தால் அந்தக் கொத்தை அப்படியே எடுத்துப்போட நேரிடும். இரண்டுக்கும் வழி ஒன்றுதான்: கையால் முடிந்தவரை எடுப்பது, லைட்டைக் குறைப்பது, வேகமாக வளரும் தண்டுச் செடிகளைச் சேர்ப்பது. கையால் எடுக்காமல் மற்றதை மட்டும் செய்தால் வருஷக்கணக்கில் ஆகும்.

சாம்பல் நிறத்தில் மான் கொம்பு மாதிரி கிளைத்திருக்கிறதே?

பெயரே ஸ்டாக்ஹார்ன், மான்கொம்புப் பாசி. இதுவும் சிவப்புக் குடும்பம். ஒரு துண்டை ஆல்கஹாலில் ஊற வைத்தால் பச்சையம் கரைந்து சிவப்பு தெரியும். ஃபில்டரைக் கழுவுங்கள், சேர்ந்த அழுக்கை உறிஞ்சி எடுங்கள், கார்பன் டை ஆக்சைடு அளவைச் சரிபாருங்கள்.

தண்ணீரே பச்சையாகிவிட்டது. தினமும் மாற்றினாலும் மறுநாள் திரும்பிவிடுகிறது.

முதலில் ஒரு கண்ணாடி டம்ளரில் எடுத்து வெள்ளைத் தாளுக்கு முன்னால் பிடியுங்கள். பச்சையாகத் தெரிந்தால் மிதக்கும் பாசி. பால் கலந்த மாதிரி மங்கலாக இருந்தால் அது பாக்டீரியா, சில நாளில் தெளியும், விட்டுவிடுங்கள்.

பச்சைத் தண்ணீரில் இருப்பவை ஒற்றைச் செல் உயிர்கள். ஃபில்டர் ஸ்பாஞ்சில் சிக்காத அளவு சின்னவை, நீங்கள் பாதியை வெளியேற்றினால் மிச்சம் வேகமாகப் பெருகி நிரப்பிவிடும். தண்ணீரைப் புற ஊதா ஒளி வழியாக ஓட விடுகிற யூவி ஸ்டெரிலைசர் வைத்தால் சில நாளில் கண்ணாடி மாதிரி தெளியும். இதற்கு நான் தயங்காமல் சிபாரிசு செய்வது இதைத்தான். கருவி இல்லையென்றால் மூடி வைப்பது: பாதித் தண்ணீரை மாற்றி, லைட்டையும் கார்பன் டை ஆக்சைடையும் நிறுத்தி, ஏர் பம்ப் போட்டு, தடிமனான போர்வையால் ஒரு கீற்று வெளிச்சம்கூடப் போகாமல் மூன்று முழு நாள் மூடுங்கள். எட்டிப் பார்க்கக் கூடாது. மூன்று நாள் உணவில்லாமல் வளர்ந்த மீன்கள் தாங்கும். திறந்ததும் மறுபடி பாதித் தண்ணீரை மாற்றுங்கள், செத்த பாசி அமோனியாவை விட்டிருக்கும்.

அப்புறம், ஏன் வந்தது என்றும் யோசியுங்கள். அக்வாசாயிலில் ஆழமாக வேர்விட்ட செடியைப் பிடுங்கி நட்டு, மண்ணுக்குள் இருந்த அமோனியாவைக் கிளப்பிவிட்டீர்களா? ஜன்னல் வெயிலா?

நீலப்பச்சையாக ஜவ்வு மாதிரி மணலை மூடியிருக்கிறது, துர்நாற்றம் வேறு.

அது பாசியே அல்ல, சயனோபாக்டீரியா என்கிற பாக்டீரியா. விளிம்பைப் பிடித்தால் துணி மாதிரி தகடாக உரிந்து வரும், அந்த நாற்றத்தை ஒரு முறை முகர்ந்தவர்கள் அப்புறம் கண்ணை மூடிக்கொண்டே அடையாளம் சொல்லிவிடுவார்கள். தண்ணீர் ஓட்டம் இல்லாத மூலையிலும், நைட்ரேட் வற்றிய தொட்டியிலும் வரும். இவற்றில் சில வகை கரைந்திருக்கும் நைட்ரஜன் வாயுவையே உணவாக மாற்றிக்கொள்ளும். செடி பட்டினி கிடக்கும்போது இது செழிக்க அதுவும் ஒரு காரணம்.

தகடாக உறிஞ்சி எடுங்கள், பச்சைத் தண்ணீருக்குச் சொன்ன மாதிரியே மூன்று நாள் மூடுங்கள், நைட்ரேட்டை 10 பிபிஎம்முக்கு மேல் கொண்டுவாருங்கள், அந்த மூலைக்கு ஓட்டம் போகிற மாதிரி ஃபில்டர் வாயைத் திருப்புங்கள். எரித்ரோமைசின் மாத்திரை போடு என்று பலர் சொல்வார்கள். வேலை செய்யும், உண்மைதான். ஆனால் ஆன்டிபயாடிக் கலந்த தண்ணீரை வாராவாரம் சாக்கடையில் கொட்டுவது எனக்குச் சம்மதமில்லை. மற்ற எல்லாம் தோற்ற பிறகு யோசிக்க வேண்டியது அது.

பாசி தின்னும் மீன் ஒன்று வாங்கி விட்டால் போதாதா?

துணைக்கு நல்லது, தீர்வாக நம்ப வேண்டாம்.

அமானோ இறால்தான் என் முதல் தேர்வு. ஜப்பானின் புகழ்பெற்ற செடித் தொட்டி வடிவமைப்பாளர் தகாஷி அமானோ தன் செடித் தொட்டிகளில் பாசிக்காகப் பயன்படுத்தியதால் அந்தப் பெயர் வந்தது. 60 லிட்டருக்கு ஐந்தாறு விட்டால் நூல் பாசியை மேய்ந்துவிடும். அதன் குஞ்சுகளுக்கு உப்புக் கலந்த தண்ணீர் வேண்டும் என்பதால் தொட்டியில் பெருகாது. நெரைட் நத்தை கண்ணாடிக்கும் பழுப்புப் பாசிக்கும் அருமையானது. அங்கங்கே வெள்ளைப் பொட்டாக முட்டை ஒட்டும், நன்னீரில் பொரிக்காது, ஆனால் சுரண்டினாலும் லேசில் போகாது. ஓட்டோசிங்க்ளஸ் சின்ன மீன், கூட்டமாக வைக்க வேண்டும். புதுத் தொட்டியில் விட்டால் பசியால் சாகும். சில மாதம் ஆன தொட்டிக்கு மட்டும்.

சயாமீஸ் அல்கே ஈட்டர் இளசாக இருக்கும்போது கறுந்தாடியையே தின்னும். ஆனால் அந்தப் பெயரில் வேறு மீன்களையும் விற்கிறார்கள். உடம்பில் ஓடும் கறுப்புப் பட்டை வால் துடுப்பின் நுனி வரை போயிருக்கிறதா என்று பாருங்கள். உறிஞ்சு வாயோடு கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தால் அது சைனீஸ் வகை. வளர்ந்ததும் மற்ற மீன்களைத் துரத்தும். பிளெக்கோ எனப்படும் சக்கர் மீன் வேண்டவே வேண்டாம். ஓர் அடிக்கு மேல் வளரும், செடியைப் பிடுங்கும், தின்பதைவிடப் போடும் கழிவு அதிகம்.

பாசிக்கொல்லி மருந்து?

லேபிளில் காப்பர் இருந்தால் இறாலும் நத்தையும் உள்ள தொட்டிக்குள் விடாதீர்கள். குளூட்டரால்டிஹைடு கலந்த திரவக் கார்பன் சிலவகைப் பாசியை அடக்கும், ஆனால் வாலிஸ்னேரியாவும் சில மாஸும் கருகும். எதைப் போட்டாலும் காரணம் அப்படியே இருந்தால் பாசி ஒரு மாதத்தில் திரும்பி வரும்.

புதுச் செடியோடு பாசி வராமல் தடுக்க?

கறுந்தாடி ஒட்டிய இலையைக் கடையிலேயே தவிர்த்துவிடுங்கள். சந்தேகமான செடியை 19 பங்கு தண்ணீருக்கு 1 பங்கு வாசனை சேர்க்காத பிளீச் என்ற கரைசலில் இரண்டு நிமிஷம் முக்கி, நன்றாக அலசி, குளோரின் நீக்கி கலந்த தண்ணீரில் ஊற வைத்து நடலாம். மாஸுக்கும் மென்மையான தண்டுச் செடிக்கும் இது ஆகாது.

அதைவிடப் பயன் தருவது, முதல் நாளே நிறையச் செடி நடுவது. அடித்தளத்தில் முக்கால்வாசி மறைய வேண்டும். நாலு கொத்து நட்டுவிட்டுப் பரவட்டும் என்று காத்திருந்தால், காலி இடத்தைப் பாசி எடுத்துக்கொள்ளும். ஹைக்ரோஃபிலா, வாட்டர் ஸ்ப்ரைட், ஹார்ன்வொர்ட் மாதிரி வேகமானவற்றை முதல் இரண்டு மாதத்துக்கு நிரப்பிவிட்டுப் பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

எல்லாம் செய்தேன். ஒரு வாரம் ஆயிற்று, மாற்றம் இல்லையே?

ஒரு வாரத்தில் தெரியாது. ஒரே நாளில் லைட், உரம், வாயு மூன்றையும் மாற்றியிருந்தால் எது உதவியது, எது கெடுத்தது என்று கண்டுபிடிக்கவும் முடியாது. ஒன்றை மாற்றுங்கள், மூன்று வாரம் பொறுங்கள், அப்புறம் அடுத்தது. வாராவாரம் ஒரே கோணத்தில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், தினமும் பார்க்கிற கண்ணுக்கு மெதுவான மாற்றம் தெரியாது.

பார்க்க வேண்டியது பழைய இலையை இல்லை. பாசி பிடித்துச் சேதமான இலை மறுபடி புதிதாகாது. இன்று ஒரு தண்டில் நுனி இலைக்குக் கீழே தளர்வாக ஒரு நூல் கட்டி அடையாளம் வையுங்கள். மூன்று வாரம் கழித்து நூலுக்கு மேலே வந்திருக்கும் இலைகளைப் பாருங்கள். அவை சுத்தமாக இருந்தால் நூலுக்குக் கீழே வெட்டி, நுனியை மறுபடி நட்டு, அடித்தண்டை எடுத்துப் போட்டுவிடலாம்.